மூன்று தலைமுறையின் நடை

நுழையும்முன்

எடைப்பொறியின்மீது ஏறி நிற்கும் பெண்ணுக்கு அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் அவளுடைய இன்றைய எடையாகும். அறுபது வயதில் அவள் தரையிலிருந்து கையூன்றாமல் எழுவாளா, மாடிப்படி ஏறுவாளா என்பதை அந்த எண் மட்டுமே சொல்லிவிட முடியாது. உடல் எடை, உழைப்பு, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் பெண்ணின் நெடுங்கால நலத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஏலமலை அடிவாரத்து வீடு ஒன்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

அடிவாரத்தில் ஒரு வீடு

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் அமைந்த ஊர் சிலமலை. அங்கிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல எழுந்து நிற்கும். அம்மலையின் மேல், கேரள எல்லைக்கு அப்பால், ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அத்தோட்டங்களை அடைகிறது. விளைந்த ஏலக்காய் அதே சாலை வழியே இறங்கிப் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வருகிறது. மலையில் விளையும் பொருளால் அடிவாரத்து அடுப்புகள் எரிகின்றன.

இவ்வூர்களில் பொழுது விடியுமுன்பே பெண்களின் நாள் தொடங்கிவிடும். சோறு வடித்து, குழம்பு கூட்டி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, தோட்டத்து ஜீப்பை எதிர்நோக்கிச் சாலையோரம் நிற்பர். இத்தகைய ஊரில், மூன்று தலைமுறைப் பெண்கள் ஒன்றாக வாழும் வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த அம்மாச்சி, நாற்பத்தைந்து வயதுத் தாய், பதினோராம் வகுப்பில் பயிலும் மகள் ஆகியோர் அவ்வீட்டில் வாழ்கின்றனர். இவ்வீடு குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு அன்று. அடிவாரத்து ஊர்கள் பலவற்றில் காணத்தக்க பொதுச் சித்திரமாகும். மூவருக்கும் முகச்சாயல் ஒன்று. ஆனால், மூவருடைய உடலும் மூன்று வேறு காலங்களின் கதையைச் சொல்கின்றன.

அம்மாச்சி ஏறிய மலை

அம்மாச்சியின் இளமைக்காலத்தில் மலைக்குச் செல்வது என்றால் பெரும்பாலும் நடந்து செல்வதே ஆகும். தேவாரத்துக்கு மேலுள்ள சாக்கலூத்து மெட்டு போன்ற ஒற்றையடிப் பாதைகளில் ஏறி, தோட்டத்தில் தங்கி, வேலை முடிந்து இறங்கி வருவார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் காய் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு படரும் சரங்களிலேயே காய் பிடிக்கும். ஆகவே, காய் எடுக்கும் பெண் ஒவ்வொரு தூரின் அருகிலும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். முற்றிய காயை மட்டும் தேர்ந்து எடுத்து, அடுத்த தூருக்கு நகர வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் இப்பணி தொடரும்.

அம்மாச்சிக்கு நீரிழிவு இல்லை. இன்றும் கோயில் படிகளில் மூச்சிரைக்காமல் ஏறுகிறார். இதனைக் கண்டு, 'அந்தக் காலத்து உழைப்பே மருந்து' என்று முடிவு கட்டுவது எளிது. ஆயினும் அம்மாச்சியின் முதுகு வளைந்துள்ளது. இளமையில் பலமுறை இரத்தச்சோகையால் மயங்கி விழுந்ததை அவரே நினைவுகூர்வார். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே அன்றைய பெண்களின் வழக்கமாக இருந்தது. உழைப்பு மிகுதி, உணவு குறைவு, ஓய்வு அதனினும் குறைவு. அவருடைய மெலிவு, நலத்தின் அடையாளமாக அன்றி வறுமையின் தழும்பாகவும் இருந்தது. உடல் உழைத்தால் மட்டும் போதாது. அவ்வுழைப்பைத் தாங்கி, தேய்ந்ததைச் சரிசெய்துகொள்ள அதற்கு உணவும் உறக்கமும் வேண்டும்.

தாயின் நாள்

தாயின் காலத்தில் மலைப்பாதை சாலையாயிற்று. நடை ஜீப் பயணமாயிற்று. தோட்டத்தில் வேலை இல்லாத நாள்களில் அவர் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கிக்குச் செல்கிறார். அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்து, கொட்டிக் குவித்த காயிலிருந்து வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பிரித்தெடுப்பர். கைகள் ஓயாமல் இயங்கும்; கண்கள் இமைக்க மறக்கும். இடுப்பும் கால்களும் மட்டும் பல மணி நேரம் அசையாமல் இருக்கும். மாலையில் வீடு திரும்பியதும் பாத்திரம், துணி, தண்ணீர், சமையல் என மற்றொரு வேலைநாள் தொடங்கும்.

திருமணத்தின்போது 45 கிலோவாக இருந்த அவருடைய எடை இன்று 68 கிலோ. ஒவ்வொரு பேற்றின்போதும் கூடிய எடையில் ஒரு பகுதி இறங்காமல் தங்கிவிட்டது. மாடிப்படி ஏறுகையில் முழங்கால் வலிக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீடு தேடி வந்த தன்னார்வலர் சோதித்தபோதுதான் இரத்தச் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் மருந்து கொடுத்து, நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்குமாறும் சொன்னார். வீட்டுக்கு வந்து தாய் சிரித்தார். "நாள் பூராவும் வேலை பாக்குறவளுக்குத் தனியா நடை எதுக்குத்தா?" என்று மகளிடம் கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதற்குமுன், எடை என்னும் எண் எதைச் சொல்கிறது என்பதை அறிய வேண்டும்.

எடை சொல்வதும் சொல்லாததும்

ஒருவருடைய எடை அவருடைய உயரத்திற்குப் பொருத்தமானதா என்று அறிய உதவுவது உடல் நிறைக் குறியீட்டெண் ஆகும். கிலோவில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். தாயின் உயரம் 152 சென்டிமீட்டர். எனவே அவருடைய குறியீட்டெண் 29-ஐத் தாண்டுகிறது. பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. மக்கள்தொகையின் சராசரியை அறியவே அவர் இதனைப் பயன்படுத்தினார். தனி மனிதரின் நோயைக் கணிப்பது அவருடைய நோக்கம் அன்று.

உலக அளவில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. இந்தியர்களுக்கு இவ்வரம்பு பொருந்துவதில்லை. ஒரே எடையும் உயரமும் கொண்ட ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் இதனைத் தம் உடல்களைக் கொண்டே விளக்கினர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. எடைப்பொறிக்கு இருவரும் ஒன்றே. உடலுக்குள் இருவரும் வேறு. இதனால் இந்தியர்களுக்குக் குறியீட்டெண் 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை எனவும், பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம் எனவும் மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர்.

இடுப்பளவுக்கு ஏன் இத்துணை முதன்மை? தோலுக்கடியில் தங்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து தங்கும் கொழுப்பு மிகுந்த தீங்கு செய்கிறது. அது கல்லீரலில் படிகிறது. இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. மாதவிடாய் நிற்கும் பருவம்வரை பெண்ணின் கொழுப்பு பெரும்பாலும் தொடையிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் சேரும். அதன்பின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அது வயிற்றுப் பகுதிக்கு இடம்பெயர்கிறது. அப்பருவத்திற்குப் பின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முதன்மையான இடமாகிவிடுவதால், மிகை எடை கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றும் கருப்பை உட்படலப் புற்றும் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. முழங்காலின் கணக்கு இன்னும் எளியது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

தெரியுமா?
தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடை கொண்டோர் 2015–16-இல் 30.9 விழுக்காட்டினர், 2019–21-இல் 40.4 விழுக்காட்டினர். அதே 2019–21 ஆய்வில் 53.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு இரத்தச்சோகை இருந்தது. மிகை எடையும் சத்துக்குறைவும் ஒரே மாநிலத்தில், சில வேளைகளில் ஒரே வீட்டில், ஒரே உடலில்கூட இணைந்து வாழ்கின்றன. 18 வயது நிரம்பாதோரின் எடையைப் பெரியவர்களின் அளவுகோலால் மதிப்பிடுதல் கூடாது. அவர்களுக்கு வயதுவாரியான அட்டவணைகள் உள்ளன.

நடத்துநரும் செவிலியரும்

உடலசைவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியல் முறையில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று இலண்டன் நகரப் பேருந்துகளில் நிகழ்ந்தது. அங்கு ஓடிய மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டு வழங்கப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு 1953-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆயினும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. படிக்கட்டுகள் அவர்களுடைய இதயத்தைக் காத்தன.

ஆனால், அவ்வாய்வில் இடம்பெற்றோர் அனைவரும் ஆண்கள். இதயநோய் ஆண்களின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பெண்ணுடலைப் பற்றிய பெரிய அளவிலான நெடுங்கால ஆய்வு அமெரிக்காவில் 1976-இல்தான் தொடங்கியது. அதில் 30 முதல் 55 வயதுக்குட்பட்ட 1,21,700 செவிலியர்கள் சேர்ந்தனர். எடை, உணவு, உழைப்பு, நோய் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்கு அவர்கள் ஆண்டுக்கணக்கில் விடை எழுதி அனுப்பினர். மற்றவர்களின் நலம் பேணிய அப்பெண்கள் தம் வாழ்வையே உலகப் பெண்களுக்குப் பாடமாக்கினர் எனலாம்.

அவ்விடைகளிலிருந்து இரண்டு உண்மைகள் துலங்கின. வாரத்தில் மூன்று மணி நேரமேனும் விரைந்து நடந்த பெண்களுக்கு இதயநோய் தோன்றும் வாய்ப்பு, நடவாத பெண்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்பது ஒன்று. 18 வயதில் இருந்த எடையைவிட 5 முதல் 8 கிலோ வரை மட்டுமே கூடியிருந்த பெண்களுக்கும் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்பது மற்றொன்று. நாற்பதில் தெரியவரும் நோய்க்கு அடிப்படை இருபதுகளிலேயே அமைந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அரைக்கிலோ என்று கூடும் எடை கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது.

சென்னையில் கிடைத்த சான்று

எடை குறையாவிட்டால் நடந்து என்ன பயன் என்று பலர் மனம் தளர்ந்துவிடுவது உண்டு. ஒரு மாதம் நடந்து, எடைப்பொறியில் மாற்றம் காணாமல், நடையைக் கைவிட்டோர் பலர். அவர்களுக்குரிய விடை சென்னையிலிருந்து கிடைத்தது. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணவும் வழிகாட்டப்பட்டனர்.

முதற்பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாயினர். நடந்த பிரிவில் அவ்வெண்ணிக்கை 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இதில் வியப்புக்குரியது, நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதாகும். எடைப்பொறி அசையாமல் நின்றபோதும் உடலுக்குள் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இவ்வாய்வில் பங்கேற்றோரில் ஐந்தில் ஒரு பங்கினரே பெண்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், அதன் அடிப்படை தசையின் இயல்பில் உள்ளது. அவ்வியல்பு இருபாலருக்கும் பொது. இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பின்னும் சில மணி நேரம் இன்சுலினின் ஆற்றல் கூடியிருக்கும். இதயம் வலுப்பெறும், இரத்த அழுத்தம் தணியும், உறக்கம் ஆழமாகும். எடை குறைவது நன்று. ஆயினும் எடை குறையும்வரை நடையின் பயன் காத்திருப்பதில்லை.

இனித் தாயின் கேள்விக்கு விடை கூறலாம். கிட்டங்கியில் அவருடைய விரல்கள் உழைக்கின்றன; பெருந்தசைகள் உழைப்பதில்லை. தோட்டத்தில் முதுகும் முழங்காலும் ஒரே நிலையில் சுமை தாங்குகின்றன. இதயத்துடிப்பும் மூச்சும் சீராக உயர்ந்து தணியும் வாய்ப்பு அமைவதில்லை. வேலையின் வேகத்தையும் ஓய்வையும் அவர் தீர்மானிப்பதும் இல்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. உடற்பயிற்சி என்பது உடலை அதன் நலத்திற்காகவே, அளவறிந்து இயக்கி, பின்பு ஓய்வளிப்பதாகும். அது உழைக்கும் பெண்ணின் சோம்பலைக் குறைகூறுவது அன்று. பிறருக்காகவே உழைத்த உடலுக்கு அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

எலும்பு என்னும் சேமிப்பு

மகள் மெலிந்தவள். காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் விரைவில் உண்ணாமல் ஓடிவிடுவாள். தாயின் எடையைக் கண்டு, உண்ணாமல் இருப்பதே நலத்திற்கு வழி என்றும் எண்ணத் தொடங்கியுள்ளாள். ஏழாம் வகுப்புவரை கபடி ஆடியவள். பூப்பெய்திய பின் மைதானத்தை விட்டு விலகினாள். எவரும் அவளை வெளிப்படையாகத் தடுக்கவில்லை. 'இனி எதற்கு ஓட்டம்' என்ற பார்வைகளே போதுமானவையாக இருந்தன. இப்போது பள்ளியிலும் பேருந்திலும் தனிவகுப்பிலும் கைப்பேசியின் முன்னும் அவள் அமர்ந்தே இருக்கிறாள்.

அவள் இழப்பது விளையாட்டை மட்டும் அன்று. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி வளரிளம் பருவத்திலேயே உருவாகிவிடுகிறது. ஏறத்தாழ முப்பது வயதுவரை அச்சேமிப்பு நிறைவுறும். அதன்பின் செலவே மிஞ்சும். மாதவிடாய் நின்ற முதற்சில ஆண்டுகளில் அச்செலவு விரைவாகும். இளமையில் குறைவாகச் சேமித்தவருக்கு முதுமையில் சிறு வழுக்கலும் இடுப்பெலும்பு முறிவாக முடியும். ஓடுதல், குதித்தல், கயிறு தாண்டுதல், கபடி ஆடுதல் போன்றவற்றில் தரை உடலைத் திருப்பித் தாக்கும் ஒவ்வொரு தாக்கமும் எலும்புக்கு 'வலுப்பெறு' என்னும் கட்டளையாகிறது. அக்கட்டளையை நிறைவேற்ற உணவு வேண்டும். உண்ணாமல் மெலிந்த பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறும், ஈஸ்ட்ரோஜன் குறையும், பதினாறு வயதிலேயே எலும்புச் சேமிப்பு கரையத் தொடங்கும்.

ஆகவே, தாய்க்கும் மகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. தாய் சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் கீரையும் காயும் கூட்ட வேண்டும். மகள் காலை உணவைத் தவிர்க்காமல் கேழ்வரகு, பால், முட்டை, நிலக்கடலை போன்றவற்றை உண்ண வேண்டும்; பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் புத்தகப்பையில் மறைத்து வைக்காமல் விழுங்க வேண்டும். எடையைப் பொறுத்தவரை ஒருவர் இறங்க வேண்டியவர். மற்றவர் ஏற வேண்டியவர். ஆனால், இயங்க வேண்டும் என்பது இருவருக்கும் பொது.

மகளின் நலம் அவளோடு முடிவதும் இல்லை. கருவுற்ற காலத்தில் தாய்க்குத் தோன்றும் நீரிழிவு, பிறக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் தோன்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா இதனை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கருவுற்றகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைக்கும் பிற்காலத்தில் அந்நோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி. மெலிவும் பருமனும் தலைமுறை கடந்து ஒரே நோயில் சென்று சந்திக்கின்றன.

நேரம் யாருடையது?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவானது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாள்களேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். 5 முதல் 17 வயதுக்குட்பட்டோருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் வேண்டும். மிதமான இயக்கத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே உரிய வேகம். அரை மணி நேரத்தைப் பத்துப்பத்து நிமிடங்களாகப் பிரித்தும் நடக்கலாம். தசை வலுப்பெற உடற்பயிற்சிக் கூடமும் வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் பலமுறை எழுவதும், சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுவதும் போதுமான தொடக்கமாகும். முதியோர் விழாமல் காக்கச் சுவரருகே ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி உதவும்.

வழி எளிது, நேரம்தான் அரிது. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்களே. பெண்ணுக்கு மனவுறுதி இல்லை என்று கூறுமுன் இவ்வெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண் அரை மணி நேரம் நடக்க வேண்டுமானால், அந்த அரை மணி நேரம் அடுப்பையோ பாத்திரத்தையோ மற்றொருவர் ஏற்க வேண்டும். அவள் நடக்கும் தெருவில் விளக்கு எரிய வேண்டும். மாலை நேரத்தில் பள்ளி மைதானத்தின் கதவு பெண்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பருவமெய்திய பெண் ஓடுவதை ஊர் இயல்பாகக் காண வேண்டும். உடற்பயிற்சி தனிமனித ஒழுக்கம் மட்டும் அன்று. வீடும் ஊரும் சேர்ந்து அமைத்துத் தர வேண்டிய வாய்ப்பும் ஆகும்.

உடல் எடையைப் பேச்சுப்பொருளாக்கிப் பெண்களை எள்ளும் வழக்கம் ஒழிய வேண்டியதும் இதனால்தான். எள்ளலுக்கு அஞ்சியவள் மைதானத்துக்கு வரமாட்டாள், மருத்துவரிடமும் தயங்குவாள். எடை என்பது அழகுக்கான மதிப்பெண் அன்று. காய்ச்சல்மானி காட்டும் வெப்பநிலைபோல, உடல்நிலையை உணர்த்தும் பல குறிப்புகளுள் அதுவும் ஒன்று.

மாலை நடை

அடிவாரத்து வீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மாலையில் பாத்திரம் துலக்கும் வேலையைத் தந்தை ஏற்றார். முதல் வாரம் அக்கம்பக்கத்தார் சிரித்தனர். மறுவாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நடைக்குச் சேர்ந்துகொண்டனர். அம்மாச்சி வாசற்சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று பழகுகிறார். மகள் மீண்டும் கபடிக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள்.

மூன்று மாதங்களில் தாயின் எடை ஒன்றரைக் கிலோ மட்டுமே குறைந்தது. ஆனால், அடுத்த பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தது. படியேறும்போது முழங்கால் முன்போல் முனகவில்லை. மருந்தை அவர் நிறுத்தவில்லை, நடையையும் நிறுத்தவில்லை.

மேற்கே மலை கருநீலமாகிக்கொண்டிருக்கும் வேளை. ஊரைச் சுற்றிய சாலையில் தாயும் மகளும் நடக்கின்றனர். தாய் காய் எடுக்கும்போது பாடும் பழைய பாட்டொன்றை முணுமுணுக்கிறார். "அம்மா, பாட்டு வருதுன்னா இன்னும் வேகமா நடக்கணும்னு அர்த்தம்" என்று மகள் சொல்கிறாள். தாய் சிரித்துக்கொண்டே கையை வீசி நடையைக் கூட்டுகிறார். பாட்டு நிற்கிறது, பேச்சு தொடர்கிறது.